மீனுக்கும் பிள்ளை வரம் வேண்டும்

மதுரையில் கொலுவிருக்கும் அன்னைக்கு அங்கயற்கண்ணி என்பது திருநாமம். கயல் மீனைப் போன்ற கண்ணழகு உடையவள் என்பது அதன் நேர்ப்பொருள். ஆன்றோர் இன்னொரு பொருளும் உரைப்பர். மீன் தன் முட்டைகளைக் கண்ணால் நோக்கியே பொரிக்கும். அதுபோல அன்னையும் தன் கடைக்கண் நோக்கினாலேயே உயிர்களை ஈடேற்றுகிறாள் என்பது அந்த விளக்கம்.

சைவ நூல்கள் இதனை நயன தீட்சைக்கு உவமையாகக் கூறும். கோழி முட்டைகளைத் தன் உடலால் தொட்டு அடைகாப்பது பரிச தீட்சைக்கு உவமை. ஆமை கரையில் முட்டையிட்டு, கடலுக்குள் சென்று, அங்கிருந்தபடியே நினைந்து காப்பது மானச தீட்சைக்கு உவமை. குருவருள் எவ்வாறு சீடனை அடைகிறது என்பதை விளக்க, நம் முன்னோர் தேர்ந்தெடுத்தவை மூன்று தாய்மைகள். அவற்றுள் இரண்டு நீரில் வாழும் உயிர்களுடையவை.

அந்தத் தாய்மைக்கே இன்று ஊறு நேர்ந்துள்ளது. நீர் மாசுபட்டால் மீன் செத்து மிதக்கும் என்பதை நாம் அறிவோம். மீன் சாகாமலே, நோயின் அடையாளம் ஒன்றும் காட்டாமலே, அதன் குலம் மட்டும் அற்றுப்போகவும் கூடும் என்பதை அறிந்தோர் சிலரே. குளத்தில் மீன் துள்ளுகிறது. அதனால் குளம் நலமாக இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அந்த மீன்கள் குஞ்சு ஈன்றனவா என்று எவரும் கேட்பதில்லை.

கரிசல் மண்ணின் கண்மாய்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என விரியும் கரிசல் பூமியில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையே ஆண்டு முழுமைக்கும் ஆதாரம். அந்த மழையைத் தேக்கி வைக்கக் கண்மாய், குடிக்க ஊருணி, நீராடவும் தெப்பம் விடவும் கோயில் குளம் என்று முன்னோர் வகுத்து வைத்தனர். கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாத சுவாமி கோயிலில் அகத்திய மாமுனிவரின் பெயராலேயே தீர்த்தம் விளங்குகிறது. தண்ணீர் அரிதான மண்ணில் தண்ணீரே தெய்வமாயிற்று.

புதுவெள்ளம் கண்மாயை நிறைக்கும் அந்தச் சில வாரங்களே கெண்டைக்கும் கெளுத்திக்கும் அயிரைக்கும் விராலுக்கும் தவளைக்கும் மணக்காலம். மழை தவறினால் ஓராண்டுத் தலைமுறை தவறும். மழை பெய்தும் நீர் கெட்டிருந்தால் அதே இழப்புத்தான்.

விராலின் இல்லறம் காணத்தக்கது. ஆணும் பெண்ணும் சேர்ந்து நீர்ச்செடிகளுக்கு நடுவே வட்டமாக ஓர் இடத்தைத் துப்புரவு செய்கின்றன. அங்கே இடப்படும் முட்டைகள் நீரின் மேற்பரப்பில் மிதக்கும். பெற்றோர் அருகிலேயே இருந்து காவல் காக்கும். குஞ்சுகள் பொரிந்த பின்னரும், செந்நிறத்தில் திரளாக நீந்தும் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து காக்கும். மீன் கண்ணால் நோக்கிக் காக்கும் என்று சொன்ன பெரியோர், இத்தகைய காட்சியைக் கண்டே அவ்வாறு சொல்லியிருத்தல் கூடும்.

விரால் நீரின் மேலே எழுந்து வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லது. ஆகவே சாக்கடை கலந்த குளத்திலும் அது பல நாள் உயிர் தாங்கும். முட்டைக்கு அந்த ஆற்றல் இல்லை. வளர்ந்த மீன் பிழைத்திருப்பதை வைத்து நீரை மதிப்பிடுவது, கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊரைப் பார்த்து வளமான ஊர் என்று சொல்வதைப் போன்றது.

நயனம்: காண முடியாத கண்கள்

மீன்கள் துணை தேடுவதற்கு நிறத்தையும் மணத்தையும் நம்பியிருக்கின்றன. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நூற்றுக்கணக்கான மீன் இனங்கள் நெருங்கிய உறவினங்களாக வாழ்கின்றன. ஓர் இனத்தின் ஆண் சிவப்பு. மற்றோர் இனத்தின் ஆண் நீலம். பெண் மீன் நிறத்தைப் பார்த்தே தன் இனத்தானை அடையாளம் காணும். மண் அரிப்பாலும் கழிவுகளாலும் பாசி பெருகி அந்த ஏரி கலங்கியது. கலங்கிய நீரில் சிவப்பும் நீலமும் ஒன்றுபோல் மங்கின. நிறங்கள் தம் பொலிவை இழந்தன. இனங்கள் தம்முள் கலந்து, தனித்தன்மை கெட்டுக் குறைந்தன. 1997-இல் வெளியான ஆய்வு இதனை உலகுக்கு எடுத்துரைத்தது.

கரிசல் கண்மாயின் நீரும் வெள்ளக் காலத்தில் கலங்கலாகத்தான் இருக்கும். அது மண்ணின் இயல்பு; அங்குள்ள மீன்கள் அதற்குப் பழகியவை; சில நாளில் நீர் தெளிந்தும் விடும். சோப்பு நுரையும் உரச்சத்தும் சேர்ந்து வளர்க்கும் பச்சைப் பாசிக் கலங்கல் அப்படித் தெளிவதில்லை.

மணமும் அவ்வாறே. மெக்சிகோ நாட்டின் ஓடைகளில் வாள்வால் மீன் என்றொரு சிறுமீன் உண்டு. அதன் பெண், ஆணை மணத்தால் அறியும். ஊர்க்கழிவும் வயல் வடிநீரும் கலந்த நீரில் சோதித்தபோது, பெண்ணுக்குத் தன் இனத்தானையும் அயல் இனத்தானையும் பிரித்தறிய இயலவில்லை. 2006-இல் வெளியான ஆய்வு இது. தூய நீரில் விட்டபோது அந்த ஆற்றல் திரும்பிற்று. கண்ணும் மூக்கும் பழுதாகவில்லை. நடுவில் இருந்த நீரே பழுதாயிருந்தது.

இதனினும் நுட்பமான கேடு ஒன்று உண்டு. உயிரினங்களின் உடலில் ஆண்மை, பெண்மை, கருவுறுதல் ஆகியவற்றை ஆள்பவை ஹார்மோன் எனப்படும் சுரப்புநீர்கள். இவற்றைப் போலவே நடிக்கும் வேதிப்பொருள்கள் பல இன்று நீரில் கலக்கின்றன. கனடா நாட்டு ஆய்வாளர்கள், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு சிற்றேரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரைகளில் உள்ள செயற்கைப் பெண் ஹார்மோனை மிகச் சிறிதளவு கலந்தனர். ஒரு லிட்டர் நீரில் ஐந்தாறு நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஐந்தாறு கூறு. நகரச் சாக்கடை நீரில் காணப்படும் அளவே அது. அவ்வளவுக்கே ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு உண்டாக்கும் புரதம் சுரந்தது. கெண்டை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறுமீன், குஞ்சு தோன்றாமையால், அந்த ஏரியிலிருந்து ஏறத்தாழ முற்றிலும் மறைந்தது.

நம் வாசலில்

இவை யாவும் கடல் கடந்த கதைகள் என்று நாம் வாளாவிருத்தல் இயலாது. மேற்கு மலையில் பிறக்கும் வைப்பாறு சாத்தூரைக் கடந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இரு கங்கை கூடும் குடி என்பதால் இருக்கன்குடி என்றாயிற்று என்பர். மாரியம்மன் அந்தக் கூடலிலே வீற்றிருக்கிறாள். அங்கிருந்து விளாத்திகுளத்தை ஒட்டிச் சென்று மன்னார் வளைகுடாவில் ஆறு கலக்கிறது. சிவகாசியின் பட்டாசுத் தொழில் நடப்பதும் இந்த ஆற்றுப் படுகையிலேதான். அந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்ற பட்டாசு உப்பு மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் 2013-இல் பதிவு செய்தனர்.

இந்த உப்பு தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுப்பது. தலைப்பிரட்டை தவளையாக உருமாறுவதற்குத் தைராய்டு சுரப்பே கட்டளை. அது குன்றினால் உருமாற்றமும் தடைப்படும். அலாஸ்காவில் ஒரு முள்மீன் இனத்தை இந்த உப்பு கலந்த நீரில் வளர்த்துப் பார்த்தனர். அந்த மீனில் தந்தையே கூடு கட்டிக் குஞ்சுகளைக் காப்பவன். உப்பு நீரில் வளர்ந்த ஆண்கள் மணக்கோலம் பூணுவதிலும் துணையை அழைப்பதிலும் தடுமாறின. பிறப்பால் பெண்ணான சிலவற்றில் ஆண் உறுப்பின் தன்மையும் தோன்றியது. 2006 முதல் இம்முடிவுகள் வெளிவந்தன. வைப்பாற்றுப் படுகையின் மீன்களுக்கும் தவளைகளுக்கும் நேரக்கூடியதை இதிலிருந்து நாம் எண்ணிப் பார்க்கலாம்.

புதூர் வட்டாரத்தின் வயல்களையும் பாருங்கள். கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த மானாவாரி நிலங்களில் இன்று மக்காச்சோளம் பரந்து நிற்கிறது. மக்காச்சோளத்தில் களை முளைக்காதிருக்க, விதைத்த சில நாள்களில் ஈர மண்ணில் தெளிக்கப்படும் மருந்துகளுள் அட்ரசின் முதன்மையானது. அமெரிக்க ஆய்வாளர் டைரோன் ஹேய்ஸ், ஒரு லிட்டர் நீரில் 2.5 மைக்ரோகிராம் அட்ரசின் கலந்து ஆப்பிரிக்க நகத்தவளைகளை வளர்த்தார். பிறப்பால் ஆணான தவளைகளில் பத்தில் ஒன்று முழுப் பெண்ணாகவே மாறி முட்டையும் இட்டது. ஏனைய ஆண்களிலும் பலவற்றுக்குக் கருவூட்டும் திறன் குன்றியது. 2010-இல் வெளியான இந்த முடிவு குறித்து ஆய்வுலகில் கடும் விவாதம் எழுந்ததுண்டு. எனினும் அதற்கு முன்பே, நிலத்தடி நீரில் கலப்பதைக் காரணம் காட்டி ஐரோப்பிய நாடுகள் இம்மருந்தை விலக்கிவிட்டன.

கரிசல் காட்டில் இதன் கொடுமை காலப் பொருத்தத்தில் இருக்கிறது. விதைப்பும் மருந்துத் தெளிப்பும் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பியவை. தவளையின் மணப்பாட்டும் அதே மழையை நம்பியது. நிலத்தில் தெளித்ததை வாரிக்கொண்டு ஓடும் முதல் வெள்ளமே கண்மாய்க்கு வந்து சேர்கிறது. தவளை முட்டையிடுவதும் அந்த நீரிலேதான். உழவரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் அவர் படும் பாடு நாம் அறியாததன்று. பெருமழை வரும் நாளுக்கு முதல்நாள் தெளிக்காதிருத்தலும், கண்மாய்க் கரையை ஒட்டிய வரப்பில் புல்லை விட்டுவைத்தலும், கைத்தெளிப்பானை ஊருணியில் கழுவாதிருத்தலும் அவர் கைக்கு எட்டிய தருமங்கள்.

பரிசம்: தொட்டால் உடைந்த முட்டைகள்

நீரை நம்பி வாழும் பறவைகளுக்கு நேர்ந்ததைக் கேட்டால் உள்ளம் கலங்கும். கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பால் அனகாப்பா என்றொரு தீவு. பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் இடம். 1970-ஆம் ஆண்டு அங்கே 552 கூடுகள் கட்டப்பட்டன. உயிரோடு தேறியது ஒரே ஒரு குஞ்சு.

காரணம் டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றின் கழிவோடு அது கடலில் கலந்தது. சிறுமீன் உடலில் சேர்ந்தது. சிறுமீனை உண்ட பறவையின் உடலில் பன்மடங்கு தேங்கியது. அதனால் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவில்லை. மெல்லிய ஓட்டோடு முட்டை பிறந்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடை தாங்காமல் அது நொறுங்கியது. தொட்டுக் காப்பதைப் பரிச தீட்சைக்கு உவமையாக்கினோம். அந்தத் தொடுகையே முட்டைக்குக் கூற்றாயிற்று.

நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திலும் கூழைக்கடாக்கள் வருகின்றன. ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களிலே கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைப் பிள்ளைகளைப் போலப் பேணுகின்றனர். 1994-இல் அவ்வூர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மரமும் மக்களும் காத்தாலும், அந்தப் பறவை இரை தேடுவது சுற்றுவட்டாரக் குளங்களில். அங்குள்ள நீர் எத்தகையதோ, அத்தகையதே அதன் முட்டையும்.

திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் நாம் அறிந்ததே. தான் வாழ்ந்த குளம் வற்றிப்போக, இடம்பெயர்ந்த நாரை ஒன்று மதுரைக்கு வந்து பொற்றாமரைக் குளத்தருகே தவம் செய்தது. சொக்கநாதப் பெருமான் காட்சி தந்து, வேண்டுவது யாது என வினவினார். பறவைகள் இனி இத்தீர்த்தத்து மீனை உண்டு பாவம் சேர்க்காதிருக்க, இதில் மீனே தோன்றாதிருக்க வேண்டும் என்று அது வரம் கேட்டது. பொற்றாமரையில் மீன் இல்லாமை ஒரு பறவையின் அருள் உள்ளத்தால் விளைந்த வரம் என்பது ஐதீகம். நம் ஏனைய குளங்களில் மீன் இல்லாது போனால் அதற்கு எந்த ஐதீகமும் துணை நில்லாது. அது நம் கைப்பட்ட வினை.

மானசம்: நினைத்தும் காக்க இயலாமை

ஆமை முட்டையிட்ட பின் மண்ணே அதற்குச் செவிலித்தாய். பல வகை ஆமைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் வெப்பமே முடிவு செய்கிறது. இறைவன் வகுத்த ஏற்பாடு அது. 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆமை இனத்தின் முட்டைகளை, ஆண் குஞ்சுகள் மட்டுமே பிறக்கக்கூடிய வெப்பத்தில் வைத்தனர். மின்மாற்றி எண்ணெய்களில் பயன்பட்ட பி.சி.பி. என்ற வேதிப்பொருளை ஓட்டின் மேல் தடவினர். பெண் குஞ்சுகள் பிறந்தன. ஓட்டின் மேல் பூசிய ஒரு துளி, உள்ளே எழுதப்பட்ட விதியை மாற்றி எழுதியது. தாய் ஆமை எத்தனை நினைந்தாலும் இதனை அறியாது, தடுக்கவும் மாட்டாது.

திருக்குளத்துக்கு நாம் செய்யத்தக்கன

பிள்ளை வரம் வேண்டிக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறோம். கரு காக்க வேண்டித் திருக்கருகாவூர் அன்னையைத் தொழுகிறோம். அந்தத் தொட்டிலைக் கட்டிவிட்டு இறங்கி நீராடும் குளத்திலும் எத்தனையோ உயிர்கள் தொட்டிலுக்குக் காத்திருக்கின்றன. அவற்றின் பொருட்டு, மூத்தோராகிய நாம் செய்யக்கூடியவை சில.

தீர்த்தத்தில் மூழ்குவது புண்ணியம். அதில் சோப்பும் ஷாம்பும் கரைப்பதைப் புண்ணியம் எனச் சொன்னோர் இலர். வீட்டில் குளித்துவிட்டுத் தீர்த்தத்தில் முழுகுவதே பழைய வழக்கம். அதனைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

மீனுக்குப் பொரி இடுவது நற்செயல். மூட்டைக் கணக்கில் கொட்டுவது அவ்வாறன்று. மீன் தின்று எஞ்சியது அழுகும். அழுகல் நீரிலுள்ள உயிர்வளியை உண்ணும். உயிர்வளி குன்றிய நீரில் வளர்ந்த வரிமீன் குஞ்சுகளில் ஆண்களே மிகுந்து பிறந்ததை 2006-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் கண்டனர். நம் பாரத நாட்டைத் தாயகமாகக் கொண்ட சிறுமீன் அது. ஒரு கைப்பிடி பொரி போதும். அதனையும் பிளாஸ்டிக் பையோடு வீசாதிருப்போம்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லித் தாமிரபரணியில் துணியை விட்டுவிடும் வழக்கம் பெருகிவிட்டது. ஆற்று மீன்கள் பல கூழாங்கற்களின் இடுக்கில் முட்டையிடுபவை. அந்த இடுக்கை ஈரத்துணி மூடினால் முட்டைக்கு ஓடும் நீர் எட்டாது. நம் பாவம் தீர, பிறந்திராத உயிர் ஒன்றின் மூச்சை அடைப்பது தகுமா? துணியை ஏழைக்கு ஈவதே பெரும் பரிகாரம்.

காலாவதியான மாத்திரைகளைச் சாக்கடையிலோ குளத்திலோ எறியாதிருப்போம். வயது முதிர்ந்த நம் இல்லங்களில் மருந்துக்குக் குறைவில்லை. நானோகிராம் அளவுக்கே ஏரி மலடானதைக் கண்டோம். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரே போதும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ஆம் ஆண்டு நெறிமுறைகளிலேயே விலக்கியுள்ளது.

இவற்றுக்கெல்லாம் பயன் உண்டா என ஐயுறுவோர்க்கு ஆறுதலான செய்தி இரண்டு உண்டு. கனடா ஏரியில் ஹார்மோன் கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்தச் சிறுமீன் மீண்டும் பெருகிற்று. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. அனகாப்பாவில் கூழைக்கடாக் குஞ்சுகளின் குரல் திரும்பிற்று. 2009-இல் அந்தப் பறவை அழிவுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. நம் நாட்டிலும் 1989 முதல் வேளாண்மையில் டி.டி.டி.க்கு இடமில்லை. நீர் வன்மம் வைப்பதில்லை. நாம் கெடுப்பதை நிறுத்தினால், தன்னைத் தானே தேற்றிக்கொண்டு மீண்டும் தாயாகிறது.

வரும் ஐப்பசியில் கண்மாய் நிறையும்போது, தெப்பத்துக்குச் செல்லும் அன்பர்கள் படித்துறையில் ஒரு கணம் நின்று நீரைக் கூர்ந்து நோக்குங்கள். பெரிய மீன் துள்ளுகிறதா என்று பாராதீர்கள். கரையோரச் செடிகளின் அடியில் சிறு குஞ்சுகள் திரளாக நீந்துகின்றனவா என்று பாருங்கள். அவை தென்பட்டால் அந்தக் குளத்தில் அன்னையின் கடைக்கண் பார்வை குறையாது இருக்கிறது என்று கொள்ளலாம். தென்படாவிடில், அந்தப் பார்வையை மறைக்கும் திரையை விலக்குவது நம் கடமை. அங்கயற்கண்ணி அதற்கான மனத்தையும் வலிமையையும் நமக்கு அருள்வாளாக.